பின்னாடி நின்னவனோட உசரம்

சாயங்காலம் ஆறு பத்து. அசாபா டவுனுக்கு வெளிய, ரப்பர் தோட்டத்தை ரெண்டாப் பொளந்துக்கிட்டு ஒரு செம்மண் ரோடு போகுதே... அந்த ரோடு. ஒரு வண்டி கிடையாது. டிசம்பர் புழுதியில சூரியன் மங்கிப்போய்த் தொங்குது.

ஜெனரேட்டரை அணைச்சாச்சுல்ல? சரி, நெருங்கி உக்காருங்க. இது என் கூட்டாளி சோமாவோட பெரியம்மா பையன் லொட்டானாவுக்கு நடந்தது.

லொட்டானா சினிமாக் கேமராமேன். அன்னிக்கு எடுத்தது ஒரு திகில் படத்தோட முதல் காட்சி. நடிக்க வேண்டியவ வரலைன்னு தன் தங்கச்சி கோசியையே கூட்டிட்டு வந்துட்டான். "எப்படிக் கூட்டிட்டுப் போறேனோ அப்படியே கொண்டாந்து விடுறேம்மா"ன்னு அம்மாகிட்ட சத்தியம் வேற. அந்தச் சத்தியம் அவன் நெஞ்சுல உக்காந்துக்கிட்டே இருந்துச்சு.

காட்சி இதுதான். தலையில கூடையோட ஒரு பொண்ணு தனியா நடக்குறா. கேமரா பின்னாலேயே போகுது. டைரக்டர் ஒடினாகாவுக்கு வாய் ஓயாது. "நடுவுல வெட்டவே கூடாது. வெட்டினா பாக்குறவன் மூச்சு விட்டுருவான்." பாட்டு, மியூசிக் ஒண்ணும் கிடையாது, அவ செருப்புச் சத்தம் மட்டும். பாக்குறவன் என்ன நெனப்பான்? அவளைத் துரத்துற கொலைகாரன் கண்ணு வழியா பாக்குறோம்னு. கடைசியில அவ திரும்புவா... ஆனா நம்மளைப் பாக்க மாட்டா. நம்ம தலைக்கு மேல, நமக்குப் பின்னாடி நிக்கிற யாரையோ பாப்பா. தியேட்டர்ல இருக்குறவன் தன்னால திரும்பிப் பாப்பான். கெட்டிக்கார வேலைதான், இல்லேன்னு சொல்லலை.

இப்படி எடுக்கறப்ப கேமராவுக்குப் பின்னாடி ஒருத்தர் சிவப்புத் துணி கட்டின கம்பைப் பிடிச்சு நிப்பாங்க. நடிக்கிறவங்க பார்வை அந்தத் துணியில நிக்கணும். அன்னிக்குக் கம்பை ஆபீஸ்லயே விட்டுட்டு வந்துட்டானுங்க. வெளிச்சமோ இன்னும் பத்து நிமிஷம்தான்.

"அப்ப நான் எதைப் பாக்குறது?"ன்னா கோசி.

"உங்க அண்ணனுக்குப் பின்னாடி ஒருத்தன் நிக்கிறான். நல்ல உசரம். அவன் மூஞ்சியைப் பாரு," ன்னான் ஒடினாகா.

"யாரு அவன்?"

"யாரா இருந்தா உனக்கென்ன? சம்பந்தமா பேசப் போறே? நிக்கிறான், பாரு."

பேரு சொல்லலை. உசரம் மட்டும் சொன்னான்.

ஆரம்பிச்சாங்க. லொட்டானா கேமராவைத் தோள்ல வச்சு வெறுங்காலோட நடக்குறான், தன் காலடிச் சத்தம் பதிவாகக்கூடாதுன்னு. முன்னால செருப்பு... சரக்... சரக்... ஒரு நாப்பது அடி போயிருப்பாங்க. ஈரக் களிமண் வாசனை அடிச்சுச்சு. ரெண்டு மாசமா ஒரு சொட்டு மழை இல்லாத ஊர்ல. அவன் பிடரிக்குப் பின்னாலேருந்து... திரும்பிடலாம்னு இருந்துச்சு. திரும்பினா மொத்தமும் போச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நடந்தான்.

ஒடினாகா குரல் கொடுக்கறதுக்கு முன்னாடியே கோசி திரும்பிட்டா. அண்ணன் தலைக்கு ஒரு முழம் மேல பாத்தா. கூடை விழுந்து தக்காளியெல்லாம் ரோட்டுல உருண்டுச்சு. அவ கண்ணு சிமிட்டவே இல்ல.

"என்னா நடிப்பு," ன்னு ஒடினாகா கை தட்டினான்.

வேன்ல வரும்போது லொட்டானா கேட்டான். "பயந்துட்டியா?"

"இல்லண்ணே. ஆனா அந்தாளை அவ்ளோ ஒட்டி நிக்க விட்டிருக்க வேணாம். உன் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு..."

"எந்தாளு?"

அவன் தலைக்கு ஒரு முழம் மேல பாத்தா. அங்க வேனோட கூரைதான் இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து கோசி நல்லாத்தான் இருந்தா. சாப்பிட்டா, சிரிச்சா, எல்லார் முகத்தையும் பாத்துப் பேசினா. அண்ணன்கிட்ட பேசறப்ப மட்டும் பார்வை மேல போயிரும். தங்கச்சியை இப்படி ஆக்கிட்டோமேன்னு லொட்டானா வெந்து போனான். கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான், ஜெபத்துக்குக் கூட்டிட்டுப் போனான். அவளுக்கு ஒரு குறையும் இல்லைன்னுட்டாங்க.

அப்புறம் பார்வை இறங்க ஆரம்பிச்சுது. முழம் சாணாச்சு. ஈஸ்டர் சமயத்துல அவன் தலைமுடியைப் பாத்தா. அப்புறம் நெத்தி. தினம் காலையில லொட்டானா அவ முன்னாடி போய் நிப்பானாம். "இப்ப எங்க பாக்குறே, சொல்லு." இறங்க இறங்க அவனுக்கு சந்தோஷம், தங்கச்சி சரியாகிட்டு வர்றான்னு.

போன ஞாயித்துக்கிழமை சோமா போன் பண்ணினான். அன்னிக்குக் காலையில கோசி லொட்டானா கண்ணை நேருக்கு நேர் பாத்துட்டாளாம். பெரியம்மா அழுதுக்கிட்டே கோழி அடிக்கச் சொல்லிட்டாங்களாம். அவனும் சிரிச்சுக்கிட்டே நின்னானாம்.

கோசி மெதுவா அடுப்படிக்குப் போயி, கதவைச் சாத்திட்டு, அம்மா காதுல கேட்டிருக்கா.

"அம்மா... அண்ணன் எங்கம்மா?"