நான் சொன்ன கடைசி அத்தியாயம்

குப்பைக் கூடையோடு கீழே போய்வர எனக்கு ஒரு மணி நேரமாகும், தம்பி. எதிரே வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற வளர்ப்பு இல்லை நமக்கு. குடியிருப்போர் சங்கச் செயலாளராக விசாரிக்க வந்திருக்கிறீர்கள், நல்லது. அந்த நாற்காலியில் உட்காருங்கள், அதற்குத்தான் கால் ஆடாது.

முதலில் அந்த நாவல். மருந்துக்கடைக்காரி நூலகத்திலிருந்து கொண்டுவந்தது. இருமலுக்கு மருந்து கேட்டால்கூட 'சாப்பாட்டுக்குப் பிறகு' என்று சொல்லிவிட்டு வாயைப் பூட்டிக்கொள்கிறவள், மொட்டைமாடியில் துணி உலர்த்தும் நேரத்தில் அதை உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். கிரேக்கப் புராணத்தை இந்தக் காலத்து ஆள் யாரோ திருப்பி எழுதியது. வாயாடி வனதேவதை ஒருத்தி தன் கதையைத் தானே சொல்கிறாள். கடவுள்களுக்கெல்லாம் அரசன் காட்டில் கூத்தடிக்கும்போது, அவன் பெண்டாட்டி வந்துவிடாதபடி இவள் வழிமறித்துப் பேச்சுக் கொடுப்பாளாம். அவனோ அன்னமாக வருவான், காளையாக வருவான், பொன்மழையாகக்கூடப் பெய்வான்.

ஈரத்துணி வாளியிலேயே கிடக்க, பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அதுவரை அந்த நேரம் என்னுடையது. யார் வீட்டில் என்ன சண்டை என்பது நான் சொல்லித்தான் இந்தக் கட்டிடத்துக்குத் தெரியும். அன்றைக்கும் முதல் மாடி மாமியாரும் மருமகளும் தட்டை வீசிக்கொண்ட சங்கதியைச் சுடச்சுடக் கொண்டுபோயிருந்தேன்.

"கொஞ்சம் சும்மா இருங்கக்கா, அவன் இப்பத்தான் காளையா மாறியிருக்கான்," என்றாள் தையற்காரி.

தையற்காரி எனக்கு எதிர்வீடு, இதே மூன்றாம் மாடி. புருஷன் லாரி எடுத்துக்கொண்டு போய்விட்டால் அவளும் தையல் மெஷினும்தான். நல்ல பெண். என் தலையணை உறையெல்லாம் அவள் தைத்தது. அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் புத்தகத்தை இரவல் வாங்கிக் கடைசி அத்தியாயத்தை பிளேடால் அறுத்தெடுத்தேன். பிசிறில்லாத வேலை. மருந்துக்கடைக்காரி படித்துக்கொண்டே வந்து பின்னட்டையில் போய் முட்டிக்கொண்டாள்.

"ஐயையோ, மிச்சம் எங்கடி போச்சு?"

"நான் படிச்சிட்டேன். சொல்றேன், உட்காருங்க," என்றேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள். மருந்துக்கடைக்காரிகூட.

உண்மையில் ஒரு வரியும் படித்திருக்கவில்லை. ஆகவே கைவசம் இருந்ததை வைத்துச் சமைத்தேன்: எங்கள் மாடியில் அடிக்கடி நின்றுபோகும் லிஃப்ட், அதைச் சரிசெய்ய வந்துபோகும் மெக்கானிக். மூன்றாவது மலையில் ஒரு நெசவுக்காரி. புருஷன் ஊர் ஊராகப் போகிற தேரோட்டி. கடவுள் இந்த முறை அன்னமாக வரவில்லை. லிஃப்ட் மெக்கானிக்காக வந்தான், கையில் ஸ்பேனரோடு.

"கிரேக்கத்துல லிஃப்ட் ஏதுக்கா?"

"நவீன நாவல்டி. இப்பல்லாம் அப்படித்தான் எழுதுறாங்க."

எல்லோரும் மெல்லத் திரும்பித் தையற்காரியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து, உலராத துணியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் யார் பெயரையும் சொல்லவில்லை, தம்பி. தேரோட்டி என்றுதான் சொன்னேன்.

கதை அந்த வாரமே லாரிக்காரர் காதுக்குப் போயிற்று. அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டதால், நான்தான் எழுந்துபோய்க் கதவோரம் நிற்க வேண்டியதாயிற்று.

"இத்தனை மாடியிருக்க, அந்த லிஃப்ட் நம்ம மாடியில மட்டும் ஏன் நிக்குது? அதைச் சொல்லு."

"எனக்கென்னங்க தெரியும்? நிக்குது. அவர் வர்றார், ரிப்பேர் பண்றார், போறார்."

"நான் ஊர்ல இல்லாதப்ப மட்டும் நிக்குதா?"

"நீங்க எப்பங்க ஊர்ல இருந்தீங்க?"

நல்ல கேள்வி. ஆனால் கேட்ட நேரம் சரியில்லை. அவர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனவர் இன்னும் வரவில்லை. எதிர்வீட்டில் மெஷின் சத்தமும் இல்லை.

லிஃப்ட் ஏன் இந்த மாடியில் மட்டும் நிற்கிறது என்று நீங்களும் இப்போது அவர் கேட்டதையே கேட்கிறீர்கள். எனக்கு அன்றைக்கே பதில் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம்தானே நின்றிருந்தேன். லிஃப்டில் யாராவது அகப்பட்டால், பேச்சு முடிகிறவரை கதவு மூடக்கூடாதல்லவா? அதற்காகக் குப்பைக் கூடையைக் குறுக்கே சொருகி வைப்பேன். கதவு இரண்டு தட்டுத் தட்டும், மூன்று தட்டுத் தட்டும், அப்புறம் இறுகி நின்றுவிடும். மெக்கானிக் பாவம், வருகிற தடவையெல்லாம் என்னிடமே முறையிடுவார்: "யாரோ எதையோ சொருகுறாங்கம்மா." நானும் அவரோடு சேர்ந்து வருத்தப்படுவேன். இதை லாரிக்காரரிடம் சொல்லியிருந்தால், அடுத்த நாளே நீங்கள் வந்து கூடையை எடுக்கச் சொல்லியிருப்பீர்கள். பிறகு யார் நின்று பேசுவார்கள்?

அறுத்த பக்கங்கள் மாவு டப்பாவில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றுதான் படித்தேன். கடவுளின் பெண்டாட்டி கடைசியில் அந்த வாயாடியைக் கண்டுபிடித்துச் சபித்துவிடுகிறாள். இனி அவளுக்கென்று சொந்தப் பேச்சில்லை. அடுத்தவர் பேச்சின் வாலைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு மலையிடுக்கில் வெறும் எதிரொலியாகக் கிடக்க வேண்டியதுதான். படித்ததும் எனக்கு மனசு ஆறிற்று. பேசிப் பேசியே ஒரு குடும்பத்தைக் குலைத்தவளுக்கு அது கொஞ்சம்தான். நல்லவேளை, அப்படி ஒருத்தி நம் கட்டிடத்தில் இல்லை. இருந்திருந்தால், முதல் ஆளாக வந்து உங்களிடம் நானே சொல்லியிருக்க மாட்டேனா?