பங்கு விலை இறங்கிய மத்தியானம்

எனக்குப் பல்வலி ஐயா. அதனால் மெதுவாகத்தான் பேசுவேன். எதையோ மறைக்கிறேன் என்று இன்ஸ்பெக்டர் ஐயா நினைத்துவிட வேண்டாம்.

என் பெயர் கன்னையன். போடி ஏலக்காய்க் கம்பெனியின் காரியதரிசி. கம்பெனி என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டம், காய் உலர்த்தப் புல்கூரை வேய்ந்த ஒரு ஸ்டோர், கீழே சந்தைத் தெருவில் என் மேஜை. பங்குதாரர்களுக்கு மட்டும் பஞ்சமில்லை. காளையை விற்றவர், தோட்டைக் கழற்றியவர் என்று ஆளுக்கு ஒன்றிரண்டு பங்கு வாங்கியிருந்தார்கள். பங்கு பத்து ரூபாய். பத்திரத்துக்குச் சந்தனம் பூசிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். ஆட்டைப்போல அது குட்டி போடும் என்று நம்பிக்கை. எங்கள் தலைவர் வீரையா கூட்டம் தொடங்கியதுமே தூங்கிவிடுவார், மீசை மட்டும் விழித்திருக்கும். கம்பெனி அதுவரை ஒழுங்காக நடந்ததற்கு அதுவே காரணம்.

போன வருஷம், மலைக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று எங்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள ஆள் அனுப்பியது. நம் பங்கு ஒன்றுக்கு அவர்கள் பங்கு இரண்டு. அவர்கள் பங்கு அன்றைக்கு மதராஸில் பதினைந்து ரூபாய்க்குப் போனது. அந்தக் கம்பெனித் துரைக்கு வேண்டியது நிலம்தான். ஸ்டோர் இருந்தாலும் போனாலும் அவருக்கு ஒன்றுதான். விஷயம் எனக்கும் வீரையாவுக்கும் மட்டும் தெரியும். அவர் பாதி கேட்கும்போதே தூங்கிவிட்டார்.

நான் நியாயமாகத்தான் யோசித்தேன். சேரப்போகும் சேதி வெளியே வந்தால் ஒருத்தரும் பங்கை விற்க மாட்டார்கள். அதற்குள் வாங்கிவிட வேண்டும். என் கையிருப்புக்கு வாங்க வேண்டுமென்றால் விலை இறங்க வேண்டும். அது சும்மா இறங்குமா?

ஸ்டோர்க் காவல் மொக்கச்சாமி. அடுப்பில் விறகு தள்ளிக் காய் உலர்த்துவதும் அவர்தான். அவருக்கும் ஒரு பங்கு இருந்தது. நான் மேலே போன மத்தியானம் அடுப்பறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. கஞ்சி குடிக்கிறீகளா?"

"வேணாம்ணே, பல்லு வலிக்குது."

"அப்ப இதக் கடிங்க" என்று மடியிலிருந்து கிராம்பு எடுத்துக் கொடுத்தார். வலிக்கு நன்றாகக் கேட்டது.

தீ வைத்தது நான்தான். கூரையின் மேற்கு மூலையில், காற்று வரும் பக்கமாக. ஓடையில் கிடந்த மண்ணெண்ணெய்த் தகரம் என்னுடையது என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆனால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. வெளித்தாழ்ப்பாளை நான் போட்டேன். மொக்கச்சாமி சுறுசுறுப்பான மனுஷர் ஐயா. ஓடை பத்தடியில் இருக்கிறது. வெளியே விட்டால் கால்வாசி எரிவதற்குள் அணைத்துவிடுவார். கால்வாசி எரிந்த ஸ்டோரைப் பார்த்து எவன் பயந்து பங்கை விற்பான்?

"தம்பி, தாழ்ப்பா விழுந்துருச்சு, வெரசாத் தொறங்க" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார். நான்தான் போட்டேன் என்று அவருக்குக் கடைசிவரை தோன்றவே இல்லை. அது எனக்கு ஒரு ஆறுதல்.

நான் இறங்கி வருவதற்குள் சேதி சந்தைக்கு இறங்கிவிட்டது. கம்பெனி முழுகிப்போச்சு என்றார்கள். பத்து ரூபாய்ப் பங்கு இரண்டு ரூபாய்க்கு வந்தது. தேவாரம் ஊர்ப் பங்குதாரர் வீரணன் என் மேஜைக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்களாவது வாங்கிக்கங்கண்ணே. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்." எனக்குக் கூச்சமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். அவருக்குப் பின்னால் தெரு முழுக்க ஆள் நின்றது.

அடுத்த மாதம் கம்பெனிகள் இரண்டும் ஒன்றாயின. நான் வாங்கிய பங்கெல்லாம் இரட்டித்தது, விலையும் ஏறியது. வீரணன் வந்து என் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். உங்களிடம் வந்து சொன்னது அவர்தான் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஏறட்டும் என்று நான் விற்காமல் இருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, துரை கம்பெனி கழுத்துவரை கடனில் நின்றிருக்கிறது. எங்கள் நிலத்தைக் காட்டி மூச்சு விடத்தான் எங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. வெள்ளைக்காரன் இப்படி ஏமாற்றுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பங்கு எட்டணாவுக்கு வந்து, இப்போது அந்த விலைக்கும் கேட்க ஆளில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எனக்கு விற்றவர்கள் இரண்டு ரூபாயோடு தப்பித்தார்கள். விற்காமல் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். ஊர் நட்டம் முழுவதையும் நான் ஒருத்தன் தலையில் ஏற்றுக்கொண்டேன். இதைச் சொல்ல இந்த ஊரில் ஒரு வாய் கிடையாது.

மொக்கச்சாமியின் சம்சாரம் சோலையம்மாள், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தது. "இத வச்சு நான் என்ன செய்ய, தம்பி?" என்று கேட்டது. எல்லோருக்கும் இரண்டு ரூபாய்தான். சோலையம்மாளுக்கு மட்டும் மூன்று கொடுத்தேன். மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, அந்த ஒரு ரூபாயை மட்டும் விட்டுவிடாதீர்கள்.