வெளிச்சம் மட்டும்தான் பட்டது

பள்ளிக்கூட உள்ளரங்கில் விளையாட்டுப் படம் எடுப்பவனுக்கு ட்யூப்லைட்டைப் போல எதிரி கிடையாது. கண்ணுக்குச் சீராக எரிவதுபோல்தான் தெரியும். கேமராவில் ஒரு படம் மஞ்சளாக வரும், அடுத்தது பச்சையாக வரும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் இருட்டு. குறைத்தால் பிள்ளைகளின் கைகால் புகைபோல் கலைந்துவிடும். ஒளியை வாங்கும் திறனை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் முகத்தில் மணல் தூவியதுபோல் ஆகும். என்ன ஆனாலும் ஃபிளாஷ் போடக்கூடாது. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விதி அது. எனக்கும் தெரியும். அதை முதலில் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். தெரியாமல் செய்துவிட்டான் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது.

என் பெயர் மதியழகன். ஊர் இண்டூர். பி.எஸ்சி. இயற்பியல். கல்யாணம், காதுகுத்து, ஆண்டுவிழா எல்லாம் எடுக்கிறேன். மனைவி மலர்விழி. இறந்துவிட்டாள்.

போன வருடம் ஆடிப்பெருக்குக் கூட்டம் ஓய்ந்த பிறகு இருவரும் பைக்கில் ஒகேனக்கல் போனோம். மீன் வறுவல் சாப்பிட்டோம். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மலைப்பாதை வளைவில் எதிரே ஒரு கார் ஹைபீமில் வந்தது. நான் என் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினேன். ஓட்டியவர் குறைக்கவில்லை. வெள்ளையைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. வண்டி ஓரத்தில் இறங்கிச் சரிந்தது. நான் புல்லில் விழுந்தேன். அவள் எல்லைக்கல்லில் விழுந்தாள்.

கார் நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கினார். செல்போன் டார்ச்சை அடித்துத் தன் பம்பரைக் குனிந்து பார்த்தார். "படல பாப்பா. நம்ம வண்டி படல," என்று உள்ளே உட்கார்ந்திருந்த மகளிடம் சொன்னார். ஏறிப் போய்விட்டார்.

வண்டி எண்ணைச் சொன்னேன். அந்த மலைப்பக்கத்து ஸ்டேஷனில் அவரை வரவழைத்தார்கள். பெயர் மாதவராஜ். மாந்தோப்பு உள்ளவர். அவருக்கு நாற்காலி போட்டார்கள்.

"கார் உன் மேல பட்டுச்சாப்பா?" என்று எஸ்.ஐ. என்னைக் கேட்டார்.

"படலைங்க சார். லைட்டு..."

"லைட்டுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட முடியுமா? வண்டி ஓட்டுனது நீ. போட்டா உன் மேலதான் போடணும்."

"விடுங்க சார், பாவம்," என்றார் மாதவராஜ். "பொண்டாட்டியப் பறிகுடுத்துட்டு நிக்கறான்."

எனக்காகப் பரிந்து பேசினார். விபத்து என்று எழுதினார்கள். படவில்லை என்ற ஒரே சொல்லில் மலர்விழியின் கணக்கு முடிந்தது.

சில மாதம் கழித்து அவரே போன் செய்தார். மகள் படிக்கும் பள்ளியில் போட்டோ எடுக்க ஆள் வேண்டுமாம். என் பெயரைச் சொல்லி வைத்திருந்தார். நல்ல மனிதர் என்று ஊரில் சொல்வார்கள். வேலையை ஏற்றுக்கொண்டேன்.

மகள் பிரியதர்ஷினி பதினொன்றாம் வகுப்பு. கயிறு மல்லர்கம்பம் ஆடுகிறவள். கூரையிலிருந்து தொங்கும் கயிற்றில் ஏறி, கால் கட்டைவிரல் இடுக்கில் அதைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்குவாள். கடைசியில் பிடியை விட்டுச் சரிந்து, பாதி வழியில் கயிற்றைத் திரும்பப் பிடிப்பாள். அந்த இடத்தில் அவளுக்குக் கண்தான் கை. ஆட்டத்தை மனப்பாடம் செய்யாதவன் நல்ல படம் எடுக்க முடியாது. அதனால் மாலைப் பயிற்சிகளுக்கெல்லாம் போனேன். அவள் எப்போது பிடியை விடுவாள், முகம் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பி.டி. டீச்சர் லூர்துமேரி கண்டிப்பாகச் சொன்னார். "தம்பி, மத்ததெல்லாம் உன் இஷ்டம். ஃபிளாஷ் மட்டும் வேணாம். தலகீழாத் தொங்கறப்ப கண்ணு கூசுச்சுன்னா கயிறு தெரியாது புள்ளைங்களுக்கு. அப்பறம், என்னைய மட்டும் கொஞ்சம் செவப்பா எடு."

"அதுக்கு ஃபிளாஷ் போடணுங்களே டீச்சர்."

"அப்ப கருப்பாவே இருந்துட்டுப் போறேன், போ," என்று சிரித்தார்.

மாவட்டப் போட்டியன்று மழை. அரங்கின் ஜன்னல் ஷட்டர்களை எல்லாம் இறக்கிவிட்டார்கள். அரங்கு மாட்டுக்கொட்டகை மாதிரி இருண்டு கிடந்தது. நடுவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் முகம் திரும்பும் பக்கம் அது. ஃபிளாஷை முழு வலுவில் வைத்திருந்தேன். அவள் பிடியை விட்டாள். அமுக்கினேன்.

கை கயிற்றைத் தேடியது. கயிறு அங்கேயேதான் இருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. மெத்தையின் விளிம்பில் கழுத்து மடங்க விழுந்தாள். சத்தம் பெரிதாக இல்லை.

"யாருடா ஃபிளாஷ் போட்டது?" என்று லூர்துமேரி கத்தினார்.

"நாந்தாங்க டீச்சர்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "கை பட்டிருச்சா தம்பி?"

நான் கேமராவைக் கீழே இறக்கினேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். ஆம்புலன்ஸில் ஏறும்போது மாதவராஜும் அதையே சொன்னார். "அவன என்ன பண்றது டீச்சர். வேணும்னா செஞ்சான்? கை பட்டிருச்சு." உங்கள் ஏட்டையாவும் கை தவறி ஃபிளாஷ் பட்டு விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். யாரும் என் மேல் புகார் கொடுக்கவில்லை. அதனால்தான் நானே வந்தேன்.

கை படவில்லை, மேடம். வேண்டுமென்றே அமுக்கினேன். முன்பே தீர்மானித்து, பழகி, இடம் பார்த்து நின்று செய்தேன்.

அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று கேட்கிறீர்கள். மலர்விழி என்ன செய்தாள் என்று அந்த ஸ்டேஷனில் யாரும் கேட்கவில்லை. மாதவராஜை நான் ஏதாவது செய்திருந்தால் அது வெறும் பழி. யாருக்கும் எதுவும் விளங்கியிருக்காது. நான் செய்தது அது இல்லை. என் விரல் அவள் மேல் படவில்லை. கேமரா படவில்லை. வெளிச்சம் மட்டும்தான் பட்டது. கழுத்துக்குக் கீழே அவளுக்கு உணர்வே இல்லை என்று சேலத்தில் டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது நீங்கள் முடிவு செய்யுங்கள். வெளிச்சத்துக்கு வழக்கு இல்லை என்றால் என்னை வீட்டுக்கு அனுப்புங்கள். வழக்கு உண்டு என்றால் அந்த மலைப்பாதைக் கேஸையும் திறவுங்கள். எனக்கு ஒரு சட்டம், மாந்தோப்புக்காரருக்கு ஒரு சட்டம் என்று எழுத முடியாது. எதை எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். வருத்தம் தெரிவித்தான் என்று மட்டும் சேர்க்காதீர்கள்.

அந்தக் கேஸுக்குச் சாட்சி இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. போட்டிக்கு முந்தைய பயிற்சியில் பிரியதர்ஷினி தானாக என்னிடம் வந்தாள்.

"அண்ணா, அன்னிக்கு கார்ல நான் லைட்ட டிம் பண்ணுங்கப்பான்னு சொன்னேங்கண்ணா. கம்முனு இரு பாப்பா, எதுக்க வர்றவன் ஒதுங்கிக்குவான்னாரு. எனக்குத் தூக்கமே வர்றதில்லைங்கண்ணா. எங்க கூப்பிட்டாலும் நான் வந்து சொல்றேன்."

அழுதாள். இப்போது வேண்டாம், போட்டி முடியட்டும் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு ஃபிளாஷ் பேட்டரியைச் சார்ஜில் போட்டேன்.

தொண்டையில் குழாய் இருப்பதால் அவளால் இன்னும் பேச முடியவில்லை. எடுத்ததும் போய்க் கேளுங்கள். பொய் சொல்லத் தெரியாத பெண். என் பக்கம்தான் பேசுவாள்.