அலாரம் அம்மாவின் கதவு

மேடையில் அமர்ந்திருக்கும் இல்லத் தலைவர் அவர்களே, மருத்துவர் அவர்களே, கைத்தடியோடும் சக்கர நாற்காலியோடும் வந்து கூடியிருக்கும் என் இல்லத்து உறவுகளே, வணக்கம்.

நம் முதியோர் இல்லத்தின் நிறுவனரும் செயலருமான, நாம் 'அலாரம் அம்மா' என்று கேலியாகவும் செல்லமாகவும் அழைத்த அந்தப் பெருமாட்டி மறைந்துவிட்டார்! நான் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், பேச்சாளன் அல்ல. ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

இந்த இல்லம் எப்படிப் பிறந்தது? அவருடைய பக்கத்து வீட்டில் தனியே வாழ்ந்த தையற்காரர் ஒருவர் இறந்து கிடந்தார். தெருவில் யாருக்கும் தெரியவில்லை. "நடுவுல ஒரு சுவர்தான். நான் தட்டிக்கூடப் பார்க்கலையே" என்று ஆயுள் முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அந்த வேதனையில்தான், மூடிக்கிடந்த ஓர் அச்சகத்தை நன்கொடையாகக் கேட்டு வாங்கி நான்கு கட்டில் போட்டார். லாப நோக்கமில்லாத அந்த இல்லம் இன்று மூன்று மாடி, மருத்துவப் பிரிவு, நூலகம் என்று வளர்ந்து நிற்கிறது. மாறாதது ஒன்றுதான். விடிந்ததும் அவரே ஒவ்வொரு கதவாகத் தட்டி, "இருக்கீங்களா?" என்பார். "இருக்கேன்" என்றால் அடுத்த கதவுக்கு நகர்வார்.

வந்த புதிதில் நான் எரிந்து விழுந்தேன். "ஏம்மா, நான் போயிட்டேனான்னு பாக்க அவ்வளவு அவசரமா?"

"இந்தக் கத்து கத்துறீங்களே சார், உங்களுக்கு ஆயுசு கெட்டி. தூங்குங்க" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அம்மா மறைந்த அன்று காலை யாரும் தட்டவில்லை. நாம் என்ன செய்தோம்? அவரவர் அறையில், பதிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம்! "அம்மாவுக்கு இன்னிக்கு லேட்டு போல" என்றார் என் அடுத்த அறைக்காரர். எல்லார் கதவையும் தட்டியவரின் கதவைத் தட்ட ஒருவருக்காவது தோன்றியதா? சமையற்காரம்மா தேநீரோடு போனபோதுதான் தெரிந்தது. எந்தச் சாவு யாருக்கும் வரக்கூடாது என்று இந்த இல்லத்தைக் கட்டினாரோ, அதே சாவை அவருக்கே கொடுத்துவிட்டோமே!

அன்று முதல் விடிகாலையில் என் கதவு தட்டப்படுகிறது. திறந்தால் நடைவழியில் ஆளில்லை. பிரமை என்பீர்கள். அப்படியானால் அதே நேரத்தில் நீங்கள் ஏன் அறைக்கு அறை "இருக்கேன், இருக்கேன்" என்று குரல் கொடுக்கிறீர்கள்? எனக்குக் கேட்கிறதே!

நாளை முதல் நான் தட்டுகிறேன். என் கதவை அடுத்த அறைக்காரர் தட்டுவார். இனி இந்த இல்லத்தில் தட்டப்படாத கதவு இருக்காது. அம்மாவின் படத்துக்கு முன் நின்று சொல்கிறேன்.

தலைவர் அவர்களே, அம்மாவின் அறையை நினைவிடமாகப் பூட்டிவைக்கப் போவதாகச் சொன்னீர்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டாம். இடம் கேட்டுக் காத்திருப்பவர்களில் ஒருவரை இந்த வாரமே அங்கே குடிவையுங்கள். அந்தக் கதவைத் தட்டாமல் தாண்டிப் போக என்னால் முடியாது. தட்டினால் உள்ளே உயிரோடு ஓர் ஆள் பதில் சொல்ல வேண்டும், ஐயா. இல்லையென்றால் அம்மா பதில் சொல்லிவிடுவார். எனக்குப் பயமாக இருக்கிறது.