மஞ்சள் வாளியை வரைந்த எர்மெலிந்தா ஓச்சோவா

மொலினோ தெருவின் பெருமக்களே! ஒன்பது நாள் ஜெபத்தையும் தளராமல் நடத்தித் தந்த பாதிரியார் அன்செல்மோ அவர்களே! ஓவியர் சங்கத்தின் சார்பில் மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே! தமக்கையை இழந்து நிற்கும் அன்புச் சகோதரி ரெபேக்கா அவர்களே! சான் ஹெலாசியோ குடிநீர்க் குழுவின் தலைவி செனைதா உங்கள் முன் நிற்கிறேன். அத்தோலே கஞ்சி ஆறிவிடும் என்று பின் வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. குடித்துக்கொண்டே கேளுங்கள். மாஎஸ்த்ரா இருந்திருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

மாஎஸ்த்ரா எர்மெலிந்தா ஓச்சோவா! பூவெப்லா நகரத்தின் ஓவியப் பள்ளியில் எத்தனையோ பேருக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுத் தந்ததால் ஆசிரியை என்ற அந்தப் பட்டம் அவருக்கு வந்தது. ஆனால் நம் தெருவில் அவர் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. கேள்விதான் கேட்டார். அந்தக் கேள்விகளில் ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன்.

எனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். தினமும் பார்க்கிற சுவர்தான். இன்று ஒரு முறை நின்று பாருங்கள். என்ன சுவர் அது! வீடுகளை விட உயரமாக நம் பெண்கள் நிற்கிறார்கள். அவர்கள் தோளுக்குப் பின்னால் எரிமலை, நம் தோன் கோயோ, சின்னப் பையனைப் போல எட்டிப் பார்க்கிறது. தெரு முழுவதும் வாளிகள். சிவப்பு, நீலம், பச்சை. தண்ணீருக்காக நடந்த போராட்டத்தைச் சொல்லும் படம் இது. ஆனால் இதில் எங்காவது ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கிறதா? தேடிப் பாருங்கள், கிடையாது! வாளிகளுக்குள்ளே கறுப்பைப் போன்ற அடர்ந்த நீலம் மட்டும்தான். அந்த வெறுமையைப் பார்த்தாலே நமக்குத் தொண்டை வறள்கிறது. அது ஓவியம், நண்பர்களே! அது ஓவியம்!

அந்த வறட்சி ஆண்டை நாம் யாரும் மறக்கவில்லை. நம் குழாய்களில் காற்றுதான் வந்தது. நம் தெருமுனை வழியாகத் தண்ணீர் லாரிகள் வேறு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தன. காலி வாளிகளைச் சாலையின் குறுக்கே அடுக்கிவிட்டுப் பின்னால் நின்றோம். வெயிலில் நின்றோம், திட்டு வாங்கி நின்றோம். அதிகாரிகள் பேச வருவதாகச் சொன்ன அன்று காலை, நம்மில் ஒருத்தி தன் மஞ்சள் வாளியை நகர்த்தி ஒரு லாரிக்கு வழிவிட்டாள். அதன் பின்னால் வரிசையாக எல்லா லாரிகளும் நுழைந்தன. மறியல் உடைந்தது. பேச வந்தவர்கள் பாதி வழியில் திரும்பிப் போனார்கள். நம் குழாயில் தண்ணீர் வந்தது, ஆனால் வெகு காலம் கழித்து வந்தது.

அந்த ஒருத்தி, இதோ முன் வரிசையில் இருக்கும் தோஞா எவேலியா. இதை இங்கே சொல்ல அவரிடம் அனுமதி கேட்டேன். “சொல்லு, சொல்லு, சுவர்லயே இருக்கு, உன் வாய்ல இருந்தா என்ன!” என்றார்.

பல ஆண்டுகள் கழித்து மாஎஸ்த்ரா வண்ண டப்பாக்களோடு வந்தபோது, நின்றவர்களின் பெயர்களையெல்லாம் சொன்னோம். எவேலியாவின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. குழு அறையில் ஒட்டியிருந்த பழைய பத்திரிகைப் படத்தைப் பார்த்துவிட்டு மாஎஸ்த்ரா கேட்டார்: “இந்த மஞ்சள் வாளி வச்சிருக்கிறவங்க யாரு?”

கறிக்கடை தோன் ஃபெர்மின்தான் முந்திக்கொண்டார். “அந்தம்மா வேண்டாம் மாஎஸ்த்ரா. காசு வாங்கிட்டு லாரிய விட்டவங்க.”

“நின்னாங்களா, இல்லையா?”

“நின்னாங்க. ஆனா…”

“நின்னாங்கன்னா வரைவேன். நீங்களும் சாப்பாடு தூக்கிட்டு வந்தீங்களாமே, உங்களையும் வரையப் போறேன்.”

“அப்படியா! அப்போ வயித்தைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க.”

“எதுக்கு? சுவர் நீளமாத்தானே இருக்கு!”

சிரிக்கிறீர்கள். ஃபெர்மினும் சிரிக்கிறார். நல்லது.

வரைந்தார். எவேலியா மற்றப் பெண்களோடு தோளோடு தோள் நின்றார். சில நாட்களில் அந்த முகத்தின் மேல் மட்டும் யாரோ கறுப்பு மையை அப்பியிருந்தார்கள். மாஎஸ்த்ரா திரும்ப வரைந்தார். மறுபடியும் மை. மறுபடியும் வரைந்தார். தெரு முழுவதும் ஃபெர்மினைச் சந்தேகப்பட்டது. அவர் கடை வாசலில் நின்று கத்தினார்: “எங்க அம்மா மேல ஆணை, நான் இல்லைய்யா! எனக்குப் பிடிக்கலன்னா நேராத் திட்டுவேன், மை வாங்க யாரு காசு செலவழிப்பா?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் பூசைக்குப் போயிருந்தார்கள். மாஎஸ்த்ரா பூசைக்குப் போகிறவரல்லர், பாதிரியார் மன்னிக்கட்டும். நான் கால் சுளுக்கி வீட்டில் இருந்தேன். இருவரும் என் வாசலில் உட்கார்ந்து மிளகாய்ப்பொடி தூவிய மாம்பழத்தைத் தின்றுகொண்டிருந்தோம். நல்ல வெளிச்சத்தில், கையில் மை டப்பாவோடு வந்தவர் யார்? எவேலியா!

மாஎஸ்த்ரா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

“தோஞா எவேலியா, டப்பாவைக் கீழ வைங்க. கை வலிக்கப் போகுது.”

“என்னை வரையச் சொல்லி நான் கேட்டேனா?”

“நின்னீங்கல்ல?”

“நின்னேன். வழியும் விட்டேன். அதை வரைஞ்சீங்களா? ஒண்ணுமே நடக்காத மாதிரி எல்லாரோடயும் சேர்த்து நிக்க வச்சிருக்கீங்க. போறவங்க வர்றவங்க பார்த்துட்டுத் துப்புறாங்க. பொய்யா நிக்கிற அந்த மூஞ்சிய என்னாலயே பார்க்க முடியல!”

அப்போதுதான் மாஎஸ்த்ரா அந்தக் கேள்வியைக் கேட்டார்: “எதுக்கு வழி விட்டீங்க?”

மக்களே, அவ்வளவு ஆண்டுகளில் இந்தத் தெருவில் யாராவது அதை அவரிடம் கேட்டோமா? காசு வாங்கினார் என்று சொன்னோம். முகத்தைத் திருப்பிக்கொண்டோம். கேட்டோமா?

எவேலியா டப்பாவைக் கீழே வைத்தார். “ஆஸ்பத்திரிக்குப் போற தண்ணின்னு டிரைவர் சொன்னான். பிரசவ வார்டுல பச்சைக் குழந்தைங்களக் கழுவக்கூட தண்ணி இல்லம்மான்னு கெஞ்சினான். வாளிய நகர்த்தினேன். அது ஒரு புது ஹோட்டலோட நீச்சல் குளத்துக்குப் போச்சு. அப்புறம் நான் வந்து சொன்னா எவ நம்புவா?”

“நான் நம்புறேன்,” என்றார் மாஎஸ்த்ரா. “இப்போ எப்படி வரையணும், அதைச் சொல்லுங்க.”

எவேலியா சுவரின் பக்கம் திரும்பினார். “வாளிய நகர்த்துற மாதிரியே வரைங்க. நான் செஞ்சது அதுதானே.”

பாருங்கள் அந்த இடத்தை! எல்லோரும் நிமிர்ந்து நிற்கிறார்கள். ஒருத்தி மட்டும் குனிந்து, மஞ்சள் வாளியின் பிடியைப் பற்றி இழுக்கிறாள். அவள் முகத்தில் இருப்பது துரோகமா? இல்லை! எங்கோ ஒரு குழந்தை அழுவதைக் கேட்ட முகம் அது. அந்த முகத்தை வரைந்துகொண்டிருந்த நாட்களில், சாரத்துக்குக் கீழே வந்து நின்று “ஏன் இப்படி?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாஎஸ்த்ரா ஒரே பதிலைச் சொன்னார்: “அவங்க வீடு அதோ இருக்கு. போய்க் கேளுங்க.”

முதலில் போனவர் ஃபெர்மின். திரும்பி வந்து நடைபாதையில் உட்கார்ந்தார். “என்கிட்ட அவன் அப்படிச் சொல்லியிருந்தா, நான் ரெண்டு வாளியத் தள்ளி விட்டிருப்பேன்,” என்றார். அன்று மாலை ஒரு பெரிய துண்டு ஆட்டுக்கறியோடு எவேலியாவின் கதவைத் தட்டினார். அதன் பிறகு ஒவ்வொருவராகப் போனோம். அந்த முகத்தின் மேல் மறுபடி மை விழவேயில்லை.

எத்தனையோ சுவர்களை வரைந்தவர் மாஎஸ்த்ரா. பரிசுகள் வாங்கியவர். சங்கத்துப் பெரியவர்கள் அவற்றையெல்லாம் சொல்வார்கள். நான் அறிந்ததைச் சொல்லிவிட்டேன். அழகாக வரைபவர்கள் இருக்கிறார்கள். வரைந்ததை அழித்து உண்மையாகத் திரும்ப வரைந்தவர் இவர்!

கடைசியாக அவரை மருத்துவமனையில் பார்த்தபோது எவேலியாவும் உடன் இருந்தார். நம் எல்லோருடைய ஆசையையும் நான் சொன்னேன்: “மாஎஸ்த்ரா, வரிசையோட கடைசியில உங்களையும் வரையணும்னு தெருவே ஆசைப்படுது.”

அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தார். “எங்க வீட்டுக் குழாய்ல அந்த வருஷம் முழுக்கத் தண்ணி வந்துச்சு, செனைதா. நான் எதுக்கு வரிசையில நிக்கணும்?”

“அப்போ உங்களை எங்க வைக்கிறது?” என்று எவேலியா அழுதார்.

“சுவர்ல வைக்காதீங்க,” என்றார்.

ஆகவே மொலினோ தெருவின் மக்களே, மழைக்காலத்துக்கு முன் சுவரின் கீழ்ப்பகுதியைக் கழுவி, பூச்சு பெயர்ந்த இடங்களைப் பூசி, வண்ணம் மங்கிய வாளிகளுக்குத் திரும்ப வண்ணம் கொடுப்போம். ஆண்டுதோறும் கொடுப்போம். இந்தச் சுவரை எவன் வாங்க வந்தாலும், எவன் வெள்ளையடிக்க வந்தாலும், நம் வாளிகள் இன்னும் வீட்டில்தான் இருக்கின்றன என்று சொல்லுவோம். ஆனால் எர்மெலிந்தா ஓச்சோவாவை மட்டும் அதில் வரைய மாட்டோம். அவர் சொல்லிவிட்டார், நாம் கேட்போம்.

வெளியூர்க்காரர் ஒருவர் வந்து நின்று, இதை வரைந்தது யார் என்று கேட்டால் சுவர் பதில் சொல்லாது. வாசலில் இருக்கிற நாம்தான் எழுந்து போய்ச் சொல்ல வேண்டும்.