நாலு பசங்களும் ரெண்டு நாற்காலியும்

— அஞ்சு பேரு நாலு பேரா ஆயிட்டா அது அந்தப் பாட்டு பேண்டே இல்லைங்கறேன் நான்.

— ஏன் அண்ணி, மிச்ச நாலு பேருக்கும் தொண்டை இல்லையா?

— தொண்டை இருக்கு, யாரு இல்லைன்னா? அந்த ஒசரப் பையன் நின்ன எடம் காலியாத் தெரியுது. நேத்து டிவில பாத்தியா, நடுவுல ஒரு ஆள் நிக்கற அளவுக்கு எடம் விட்டே ஆடறானுங்க.

— அது மேடை அமைப்பு.

— பழக்க தோஷம். மூலையப் பிடி... அந்தப் பக்கம் இல்ல. தையல் உள்பக்கம் வரணும்.

— இந்த ஷீட்டுல தையலே பிரிஞ்சிருக்கு.

— அப்ப கிழிசல் கூடையில போடு. அடுத்தத எடு.

— வருஷக்கணக்கா இந்த ஆஸ்பத்திரி பெட்ஷீட்டத்தான் மடிக்கறோம். இன்னும் ஒவ்வொண்ணுக்கும் எனக்குப் பாடம் எடுக்கறீங்க.

— உனக்கு எடுக்கத்தான் வேணும். வாய் அது பாட்டுக்குப் போகுது, கை சும்மா நிக்குது... அவன் தனியாப் போய்ப் பாடினானே, அந்த ஒசரப் பையன். கேட்டியா?

— கேட்டேன்.

— எப்படி?

— நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கறதுதான் எரிச்சல்.

— கோவமா அவன் மேல?

— எனக்கு என்ன கோவம்? போறவங்க போகணும். எத்தனை நாளைக்கு அஞ்சு பேரும் ஒரே மைக்கச் சுத்தி நிப்பாங்க?

— அப்ப எதுக்குடி உன் ரூம் சுவத்துல இருந்த படத்துல அவன மட்டும் கிழிச்ச?

— கிழிக்கல. பீரோவ நகத்தி வெச்சேன். அவன் அந்தப் பக்கம் போயிட்டான்.

— ஒரு ஆள மறைக்க பீரோவயே நகத்துவாளாம். இவளுக்குக் கோவமே இல்லையாம்.

— சரி, உங்க ஆளுங்க மட்டும் என்னவாம்? அக்காவும் தங்கச்சியும் ரெண்டு நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிட்டு... டாக்டர் ரூம் வாசல்ல டோக்கன் வாங்கிட்டுக் காத்திருக்கற மாதிரி.

— பாட்டுக்கு எதுக்கு காலு?

— உலகப் பாட்டுப் போட்டி அண்ணி அது. எத்தனை நாடு பாக்குது. மரியாதைக்காவது எந்திரிச்சு நிக்கலாம்.

— ரெண்டாவது அடியில தங்கச்சிக்காரி கொஞ்சம் முந்திட்டா. கவனிச்சியா? அக்கா திரும்பிக்கூடப் பாக்கல. தன் வேகத்தக் கொஞ்சமாக் கூட்டி, போய் அவ கூடச் சேந்துக்கிட்டா. முந்தினதே தெரியல. அதுக்குப் பேருதான் பாட்டு.

— நான் கவனிக்கல. தூக்கம் வந்துச்சு.

— பொய் சொல்லாத. கண்ணத் தொடைச்ச.

— ஏசி காத்து.

— நம்ம வீட்டுல ஏதுடி ஏசி?

— ஃபேன் காத்து. மடிங்க அண்ணி.

— மடிக்கறேன், மடிக்கறேன்.

— எனக்கு என்ன வயித்தெரிச்சல்னா, உங்க நாற்காலிக்காரங்க மூணாவது. என் பசங்க ஒம்பதாவது. நியாயமா இது?

— மொத எடம் யாருக்குன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?

— யாரோ வெள்ளிக் கோட்டு. அவன் யாரா இருந்தா நமக்கென்ன? நம்ம பந்தயம் அவன் மேல இல்லையே.

— பந்தயத்த விடு.

— எப்படி விடறது? நம்ம துணி வேன்காரருக்கு இன்னிக்குப் பதில் சொல்றதா நீங்கதான சொல்லியிருக்கீங்க.

— மெதுவா. அந்தப் பக்கம் ஆளுங்க தேய்ச்சுக்கிட்டிருக்காங்க.

— வாஷிங் மிஷின் போடற சத்தத்துல இடி விழுந்தாலும் கேக்காது. நான் இன்னொரு தடவ சொல்லிடறேன், அப்புறம் மாத்திப் பேசினேன்னு வரக்கூடாது. என் பசங்க முன்னாடி வந்தா, நீங்க வேன்காரர் கிட்ட சரின்னு சொல்லிக் கல்யாணம் பண்ணிக்கிட்டு அவர் வீட்டுக்குப் போகணும். உங்க அக்கா தங்கச்சி முன்னாடி வந்தா, நீங்க போக வேணாம். நானும் அந்தப் பேச்ச இனிமே எடுக்கக்கூடாது.

— தெரியும்டி. நானும்தான கையில அடிச்சு ஒத்துக்கிட்டேன்.

— அப்ப ஜெயிச்சது நீங்க.

— ஆமா.

— சந்தோஷமா?

— ...ஷீட்ட இழுத்துப் பிடி. நடுவுல தொங்குது.

— மூணு மாசமாக் கரடியாக் கத்தினேன், போங்க போங்கன்னு. என் பேச்சும் எடுபடல, என் பசங்க பாட்டும் எடுபடல.

— பாட்டே கேக்காத மனுஷன்டி அவரு. வண்டில ஏறினா செய்தி, எறங்கினா செய்தி. அந்த ஆளோட நான் என்னத்தப் பேச?

— செய்தியப் பேசுங்க.

— அவரு என்னக் கேட்ட விதம் இருக்கே. தலையில ஒரு கட்டுத் தலையணை உறை. அத எறக்கி வைக்கணும்னுகூடத் தோணல. அப்படியே நின்னுக்கிட்டு, 'சேந்து இருந்தா என்னங்க'ங்கறாரு. நான் ரெண்டு கட்டயும் சேத்து எடுத்துக்கிட்டுப் போறேங்கறாருன்னு நெனச்சு, இன்னொண்ணையும் தூக்கி அவரு தலையில வெச்சுட்டேன்.

— அதையும் சுமந்துக்கிட்டு நின்னாரே.

— நின்னாரு. கழுத்த ஆட்டாம, 'பதில் அவசரமில்லீங்க'ன்னாரு.

— அண்ணி, சிரிக்கறீங்க.

— நான் இந்தக் கறையப் பாத்துச் சிரிக்கறேன். மூணு தடவ தோய்ச்சும் அப்படியே இருக்கு.

— கறையப் பாத்து யாராவது இப்படிச் சிரிப்பாங்களா?

— நான் போயிட்டா நீ என்ன பண்ணுவ குட்டி?

— நிம்மதியாத் தூங்குவேன். உங்க குறட்டை இல்லாம.

— விளையாடாத. உன் அண்ணன் தவறின அந்த வருஷத்த நெனச்சுப் பாரு. ஒரே வீடு. நீ ஒரு ரூம்ல, நான் ஒரு ரூம்ல. ரெண்டு பேரும் ஊமை மாதிரி கெடந்தோம். தண்ணி குடிக்கப் போனாக்கூட நீ வந்துட்டுப் போற வரைக்கும் காத்திருந்து போவேன்.

— எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் காத்திருப்பேன்.

— ஒரு நாள் நீ டிவில இந்தப் பாட்டுப் போட்டியப் போட்ட. சத்தத்த மொத்தமா அணைச்சுட்டு.

— உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு...

— எவனோ மயில் கலர்ல சட்டை போட்டுக்கிட்டுப் பாடறான். வாயி மட்டும் தெறந்து தெறந்து மூடுது. நான் கதவுகிட்ட நின்னு பாத்துட்டு, 'இந்தச் சட்டைக்கே அவனக் கீழ எறக்கணும்'னேன்.

— அத்தனை நாளைக்கு அப்புறம் நீங்க பேசின மொதப் பேச்சு.

— நீ சிரிச்ச. அப்புறம்தான் சத்தத்தக் கூட்டின. அதுக்கப்புறம் ஒரு வருஷம்கூட விடல நாம. இவனுக்கு நீ மார்க் போட, அத நான் கொறைக்க... அதனாலதான் சொல்றேன். அடுத்த வருஷம் அந்தப் போட்டிய நீ ஒண்டியா உக்காந்து பாக்கறத என்னால நெனச்சுப் பாக்க முடியல.

— போன் எதுக்கு இருக்கு? பாட்டுக்குப் பாட்டு கூப்பிட்டு உங்க ஆளத் திட்டுவேன்.

— ம்.

— நான் என்ன பச்சப்புள்ளையா அண்ணி? முப்பது நெருங்குது எனக்கு. சமைக்கத் தெரியும். கேஸ் மாத்தத் தெரியும்.

— கரப்பான் பூச்சி வந்தா?

— வீட்டக் காலி பண்ணுவேன்.

— பண்ணுவடி நீ.

— ஒண்ணு சொல்லட்டா? சொல்ல வேணாம்னுதான் இருந்தேன்.

— என்ன?

— காலைல வேன்காரர் வார்டு அழுக்குத் துணிய எறக்க வந்தாருல்ல, கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. ஒடம்பு சரியில்லையான்னு கேட்டேன். 'பாட்டுப் போட்டி பாத்தேம்மா, கடைசி வரைக்கும்'ங்கறாரு.

— யாரு, அவரா?

— அவரேதான். 'ஒண்ணும் புரியல. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கத்தறாங்க. ஆனா ரெண்டு பொண்ணுங்க உக்காந்து பாடினாங்க பாருங்க, உங்க அண்ணிக்குப் பிடிக்கும்னு சொன்னீங்களே, அவங்களுக்கு ஓட்டு போட்டேன். போன்ல எப்படிப் போடறதுன்னு தெரியல, பக்கத்து வீட்டுக் கதவத் தட்டிக் கேட்டுப் போட்டேன்'ங்கறாரு.

— கதவத் தட்டியா கேட்டாரு?

— பந்தயம் தெரியாது பாவம். தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டாரு.

— நீ சொல்லலையா?

— எப்படிச் சொல்றது? மூணாவது வந்துட்டாங்கன்னு அவருக்கு அவ்ளோ பெருமை. என்னமோ அவரே பயிற்சி குடுத்து அனுப்பின மாதிரி. அண்ணி, உங்க பக்கம் விட்டுட்டீங்க. ஷீட்டு தரையில புரளுது.

— போடு. திரும்பத் தோய்க்கப் போடு.

— ஜெயிச்சவங்க மொகமா இது?

— வெளுத்த துணியக் கீழ போட்டுட்டேன்ல. அந்தக் கவலை.

— பந்தயம்னா பந்தயம். அவர் வந்ததும் போய், முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருங்க. முள்ளு மாதிரி, எடுத்துட்டா வலி போயிடும். வாய் வரலைன்னா நானே போய்ச் சொல்றேன், அண்ணிக்கு இஷ்டமில்லைங்கன்னு.

— நீ சொல்லாத.

— ஏன்?

— வெளில என்ன சத்தம்?

— வேன் வந்திருக்கு. பேச்ச மாத்தாதீங்க. நான் ஏன் சொல்லக்கூடாது?

— அது பொய்யி.

— எது?

— இஷ்டமில்லைங்கறது. நேத்து ஓட்டு போடச் சொன்னப்ப, யாருக்குன்னு தெரியக்கூடாதுன்னு நீ ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்ட. நான் சமையல்கட்டுல நின்னு போட்டேன்.

— உங்க அக்கா தங்கச்சிக்கு.

— உன் பசங்களுக்கு.

— ...என்னது?

— அந்த நாலு பேருக்கும். போன் எத்தனை தடவ விட்டுச்சோ அத்தனை தடவையும். அவ்ளோ நல்ல பாட்டு நாற்காலியில உக்காந்திருக்கு, நான் நடுவுல எடம் விட்டு ஆடறவனுங்களுக்குப் போட்டேன். அவனுங்க ஜெயிச்சுட்டா, நான் உன்ன விட்டுட்டுப் போகல, பந்தயம்தான் என்னப் போக வெச்சுதுன்னு சொல்லிக்கலாம்ல. எனக்கு அந்த மனுஷனப் பிடிச்சிருக்கு குட்டி. வண்டி வர நேரம் ஆனா கைய ஒரு தடவைக்கு ரெண்டு தடவ கழுவறேன். இதையெல்லாம் உங்கிட்ட எப்படிச் சொல்றது, நீ என் புருஷனோட தங்கச்சியாச்சே.

— ...

— ஏதாவது பேசு. திட்டவாவது செய்யி. நல்லவ மாதிரி மூணு மாசமா உனக்காக இருக்கேன் இருக்கேன்னு சொல்லிக்கிட்டு, உள்ளுக்குள்ள போகத்தான் நெனச்சேன்.

— திட்டற எடத்துல நான் இல்ல அண்ணி. என் பசங்களுக்கு நான் ஒரு ஓட்டுகூடப் போடல... கதவச் சாத்திக்கிட்டு உங்க நாற்காலிக்காரங்களுக்குத்தான் போட்டேன். வாய்தான் போங்க போங்கன்னு கத்துச்சு, நீங்க போயிடக்கூடாதுன்னு ரெண்டாம் மாடி நர்சுங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் முன்னாடியே கெஞ்சி, அவங்களையும் போட வெச்சேன்... மொகத்தத் தொடைச்சுட்டுப் போங்க. ஹார்ன் அடிக்கலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு அந்த மனுஷன்.