சந்தனம் வைத்த தையல் மிஷின்

தொண்டூரிலிருந்து செஞ்சி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு பெண், மடியில் தையல் மிஷினின் தலைப்பாகத்தை வைத்துக்கொண்டு, பக்கத்து அம்மாளிடம் புலம்பினாள்.

“ஆயுத பூஜையிலேர்ந்து சக்கரம் இறுகிக்கினே வந்து, இன்னைக்கு நின்னேபோச்சுக்கா. நாளைக்குக் கல்யாணம். பொண்ணு ரவிக்கைக்கு ஒரு கைதான் தெச்சிருக்கேன். அதான் செஞ்சிக்கு ரிப்பேருக்கு எடுத்துனு போறேன்.”

“எண்ணெ வுட்டியா?”

“உள்ள போவல, வெளியதான் வழியுது.”

“பூஜைக்கு இன்னா பண்ண?”

“எண்ணெ வுடற ஓட்டைக்கெல்லாம் அழகா சந்தனம் வெச்சேன்.”

“அடிப்பாவி! வாயை அடைச்சுட்டா எப்பிடிக் குடிக்கும்?”

அந்த அம்மாள் தன் கொண்டை ஊசியை உருவிக் குடைந்தாள். சந்தனம் கட்டி கட்டியாக உதிர்ந்தது. பையிலிருந்த மிஷின் எண்ணெயை விட்டு இருவருமாக ஆட்ட, சக்கரம் முனகிவிட்டு, கடகடவென்று சுழன்றது.

“கண்டக்டரண்ணே, வண்டிய நிறுத்து!”

“செஞ்சிக்குத்தானேம்மா டிக்கெட்டு?”

“செஞ்சி கெடக்கட்டும்ண்ணே! கல்யாணப் பொண்ணுக்கு இன்னொரு கை தெக்கணும்!”